நாலுகால் பின்னல்

கொஞ்சம் கை வைத்துப் பாருங்களேன் அக்கா, நெற்றி சுடுகிறதா? என் கையை நான் நம்புவதில்லை. சின்னமனூரில் பஸ் ஏறியதிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்து என் கைக்கே சூடு ஏறிவிட்டது. சுடவில்லையா? நிஜமாகவா? சரி. அப்படியென்றால் தூங்குகிறாள், அவ்வளவுதான். காற்று வரட்டும் என்றுதான் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன்.

பையனா என்று கேட்டீர்களே, இல்லை அக்கா, பொண்ணு. காதில் கம்மல் இருக்கிறது பாருங்கள். சஹானா. பத்து வயது. முடி இடுப்பு வரைக்கும் இருந்தது. போன வாரம்தான் தேனியில் ஒரு பார்லரில் வெட்டினேன். வெயில் காலம், பேன் தொல்லை வேறு. அதெல்லாம் காரணம் இல்லை, விடுங்கள்.

மதுரைக்குப் போய், ரயிலில் சென்னை. அங்கேயிருந்து மஸ்கட். அவள் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. நாங்களும் அங்கேதான் இருந்தோம். அம்மா தனியாக இருக்கிறாளே என்று நானும் இவளும் மட்டும் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தோம். இப்போது திரும்பிப் போகிறோம். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் முகம் கேட்கிறது.

நீங்கள் உசிலம்பட்டியில் இறங்கிவிடுவீர்கள். அப்புறம் நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் சொல்கிறேன். உங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறேன், அவள் காதில் விழ வேண்டாம். நான் எங்கம்மாவுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறேன், அக்கா.

உயிரோடு இருக்கிற அம்மா இல்லை.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் படித்தவள்தான். பத்தாவது வரைக்கும் தமிழில், அதற்கு மேல் கான்வென்டில் இங்கிலீஷில். மஸ்கட்டில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடமே எடுத்திருக்கிறேன். வைரஸ் என்றால் என்ன, காய்ச்சல் எதற்கு வருகிறது, எல்லாம் இரண்டு மொழியிலும் தெரியும். பயம் மட்டும் ஒரு மொழியில்தான் வருகிறது.

எங்கம்மா பெயர் சொர்ணத்தாய். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். திராட்சைத் தோட்டத்து வேலையில்தான் என்னை வளர்த்தாள். எங்கள் பக்கத்துத் திராட்சைப் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். கீழே நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கியபடியே கொடியை இழுத்துக் கட்ட வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தூக்கிய கை தூக்கியபடி. அந்த விரல் இருக்கிறதே, எதைக் கொடுத்தாலும் பின்னிவிடும். என் தலையை அவள்தான் பின்னுவாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்று பிரி என்றால் எனக்கு நாலு பிரி. நாலுகால் பின்னல். பாம்பு முதுகு மாதிரி பளபளவென்று இறங்கும். பின்னும்போது குனிந்து பார்ப்பாள், மூச்சு என் பிடரியில் படும். கூசும். நெளிவேன். "ஆடாத கழுத, கோணலாப் போகும்" என்பாள். நான் மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே இருப்பேன். எனக்கும் சொல்லித் தாயேன் என்று ஒரு தடவை கேட்டேன். "நீ படி. பின்ன நான் இருக்கேன்ல" என்றாள். அதனால் எனக்கு அந்தப் பின்னல் கடைசிவரை வரவே இல்லை. இன்றைக்கும் மூன்று கால்தான். அதுவும் கோணல்.

நாங்கள் திரும்பி வந்ததும் என் இடத்துக்கு இவள் வந்தாள். நாலுகால் பின்னலும் இவளுக்குத்தான். இரண்டு பேரும் ஒரே உயிர். "என் ஆத்தா", "என் ராசாத்தி", "எனக்குப் பெறகு யாருடி ஒனக்கு?" இப்படித்தான் பேச்சு. அந்தக் கடைசிப் பேச்சை அப்போது நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் இரண்டு பேரும் கொல்லையில் கோழிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். என்னத்தைப் பேசுவார்களோ, என்னத்தைச் செய்வார்களோ. நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் மஸ்கட் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பேன். வெளியே வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தக் கொல்லையில் எனக்கு வேலை இருந்ததில்லை.

கடைசி ஒரு வருஷம் அம்மாவுக்குத் தோள் சுத்தமாகப் போய்விட்டது. அத்தனை வருஷம் தூக்கிய கை, நெஞ்சுக்கு மேலே ஏறாது. ரவிக்கைகூட நான்தான் மாட்டிவிடுவேன். ஆனால் தலையைப் பார்த்தால் ஒரு முடி கலைந்திருக்காது. நரைத்த முடியை அழகாகப் பின்னிக் கொண்டை போட்டிருப்பாள். கைகாரிக்கு எப்படியும் கை வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன். அப்படித்தானே நினைக்கத் தோன்றும்?

ஒரு சனிக்கிழமை காலையில் போனாள். கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். மாரடைப்பு. கோழிகள் அவள் மடியில் சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை. உங்கள் ஊரிலும் சொல்வார்கள்தானே? சனிக்கிழமை போகிறவர்கள் துணைக்கு ஆள் தேடுவார்கள் என்று. அதற்காகப் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். ஆளுக்குப் பதில் கோழி. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா குருவம்மா, வந்ததும் அழுவதற்கு முன்னால் கேட்டது இதைத்தான். "கோழி பிடிச்சாச்சாடி?"

பிடித்தார்கள். சிட்டு என்று ஒரு வெடக்கோழி. இவள் வளர்த்தது. குஞ்சிலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவாள். அதைக் காலைக் கட்டிப் பாடைக் கம்பில் தொங்கவிட்டார்கள். அது இறக்கையை அடித்துக்கொண்டு கத்துகிறது. இவள் பார்த்துவிட்டாள். அதுவரை அழாத பிள்ளை, பாடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து புரண்டாள். "நானும் அம்மாச்சியும் வளத்த கோழிம்மா! அம்மாச்சிக்குப் பிடிக்காதும்மா!"

எனக்கு எங்கேயிருந்துதான் வந்ததோ. "அவுத்து விடுங்க அதை" என்றேன்.

சின்னம்மா மாரில் அடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே கையை நிறுத்தினாள். "என்ன பேசுற தமயந்தி? கூறு இருக்கா?"

"பிள்ள அழுகுது சின்னம்மா. இதெல்லாம் என்ன காலத்துல? அவுத்து விடுங்க."

"சரி, ஒரு தேங்காயாச்சும் கட்டு."

"ஒண்ணும் வேணாம்."

படித்தவள் இல்லையா. ஊரே பார்க்கிறது. அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அக்கா. கோழியை அவிழ்த்துவிட்டார்கள். அது ஓடிப்போய்ச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சின்னம்மா என் காதுக்கிட்டே வந்தாள். "அப்ப யாரத் துணைக்கு அனுப்புற? ரோட்டுல போறவனையா தேடுவா அவ? உசுரா வச்சிருந்த பிள்ளையத்தான் மொதல்ல தேடுவா."

பாடை தெருமுனை திரும்புகிறது. நான் அம்மாவைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் கையில் கோழி.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பயம்.

கருமாதி முடிந்த மறுநாள் இவளுக்குக் காய்ச்சல். டாக்டர், ஊரெல்லாம் இந்தக் காய்ச்சல்தான், மூன்று நாளில் போய்விடும் என்றார். நானும் தலையை ஆட்டினேன். மருந்து கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இவள் கண்ணைத் திறக்காமல் சொல்கிறாள்: "இரு அம்மாச்சி, வர்றேன்."

என்ன செய்வீர்கள், நீங்களாக இருந்தால்? காய்ச்சலில் உளறுவது என்று எனக்கும் தெரியும். எழுந்துபோய் அம்மா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். என் அம்மா அவள். மஸ்கட்டில் இருந்தபோது தினமும் போனில் குரலைப் பதிந்து அனுப்புவாள். "தமயந்தி, சாப்ட்டியா? இங்க மழை. பிள்ளைக்குத் தொப்பி போட்டு விடு." மஸ்கட்டில் ஏது மழை? அதெல்லாம் இந்தப் போனில்தான் இன்னும் இருக்கிறது. ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அம்மா செத்தால் எல்லோரும் அழுகிறார்கள். எனக்கு அழுவதற்கு நேரமே இல்லை, கதவைத் தாழ்ப்பாள் போடுவதற்கே சரியாக இருந்தது.

காய்ச்சல் விட்டது. டாக்டர் சொன்ன மாதிரியே விட்டது. நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

திரும்பப் பள்ளிக்கூடம் போகிற முதல் நாள். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் தலையைப் பின்னவேண்டுமே, சீப்பை எடுத்துக்கொண்டு வா என்று கத்திவிட்டுத் திரும்பினால், வாசல்படியில் நிற்கிறாள். ரெட்டைச் சடை. இரண்டும் நாலுகால்.

நாலுகால், அக்கா. ஒரு முடி பிசகாமல். பாம்பு முதுகு மாதிரி.

வீட்டில் வேறு யாரும் கிடையாது. எனக்கு அந்தப் பின்னல் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். தோசை கருகுகிறது. "யாருடி பின்னி விட்டது?" என்று கேட்டேன். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாச்சி..." என்றாள். இன்னும் என்னவோ சொல்ல வந்தாள். நான் சொல்ல விடவில்லை. மாவுக் கையோடு ஓடிப்போய் வாயைப் பொத்திவிட்டேன். "அந்தப் பேரை இனிமே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. கேட்டுச்சா? எடுக்கவே கூடாது."

அன்றிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பேரை மட்டும் இல்லை, எந்தப் பேச்சையுமே. கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருப்பாள். அதுவும் எனக்குப் பயம். பத்து வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டால் அது இயற்கையா? உள்ளே வேறு யாரோ இருந்துகொண்டு பார்க்கிற மாதிரி இருந்தது. மறுநாளும் நாலுகால். அதற்கு மறுநாளும். நான் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே பின்னி முடிந்திருக்கும். உயிரோடு இருந்தபோது தூக்க முடியாத கை, போன பிறகு சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவின் மரச்சீப்பைக் கொண்டுபோய் முல்லையாற்றுப் பாலத்திலிருந்து போட்டேன். சேலைகளைச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். அப்புறமும் காலையில் நாலுகால். சின்னம்மாவிடம் ஓடினேன். அவள் ஆற அமர வெற்றிலையை மென்றுவிட்டுச் சொன்னாள், "முடியிலதான் பிடிச்சிருக்கா. பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாமப் பண்ணிரு. பண்ணிட்டு, கடலத் தாண்டிக் கூட்டிட்டுப் போயிரு. தண்ணியத் தாண்டி வர மாட்டா."

வெட்டினேன். பார்லர்க்காரப் பொண்ணு, "இவ்ளோ அழகா இருக்கே மேடம், நிஜமாவே வெட்டணுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இவள் அழவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே விழுந்த சடையில் இருந்து கறுப்பு ரப்பர் பேண்டை மட்டும் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். இப்போதும் போட்டிருக்கிறாள் பாருங்கள்.

பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் அக்கா. எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. என்னைத் தேடி வந்தாலாவது பரவாயில்லை. நானும் அவள் பிள்ளைதானே? என்னை ஏன் தேடவில்லை? என் தலையை ஒரு நாளாவது... சீ, என்ன பேசுகிறேன் நான்.

ஆண்டிபட்டிக் கணவாய் வந்துவிட்டது. இந்த வளைவுகளில் எனக்குச் சின்ன வயதிலேயே வயிற்றைப் புரட்டும். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, தலையைத் தன் தோளில்...

அக்கா.

பேசாமல் இருங்கள் ஒரு நிமிஷம்.

என் கொண்டையை யாரோ அவிழ்க்கிறார்கள்.

இல்லை, காற்று இல்லை. ஊசியை உருவுகிறது. ஒவ்வொன்றாக உருவுகிறது. நான் திரும்ப மாட்டேன். என்னால் திரும்ப முடியாது. முடி முதுகில் விழுகிறது, உங்களுக்குத் தெரிகிறதா? விரலால் கோதுகிறது. பிரி எடுக்கிறது. பிடரியில் மூச்சுப் படுகிறது அக்கா. இந்த மூச்சு எனக்குத் தெரியும். குனிந்து பார்க்கிற மூச்சு. உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியுமே, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். யார் கை? சேலை கட்டியிருக்கிறதா? சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எதற்குச் சிரிக்கிறீர்கள்?

என் பொண்ணா? சஹானாவா? அவள் தூங்குகிறாளே. விழித்துவிட்டாளா? எப்போது விழித்தாள்? நான் பேசியதெல்லாம்...

எத்தனை பிரி? கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்கள் அக்கா. மூன்றா? நன்றாகப் பாருங்கள்.

நாலா.

பத்து வயதுக் கையா நாலு பிரி பின்னுகிறது? இழுத்து இழுத்துப் பின்னுகிறதே. ஒன்றுக்கு மேலே ஒன்று, அடியிலே ஒன்று. அம்மா கை மாதிரியே, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுண்டு சுண்டுகிறதே. இது பழக்கப்பட்ட கை. இன்றைக்கு நேற்றைக்குப் பின்னிய கை இல்லை.

கொல்லையில். மத்தியானத்தில்.

நெஞ்சுக்கு மேலே ஏறாத கை அக்கா, எங்கம்மா கை. நான்தானே ரவிக்கை மாட்டிவிட்டேன். அப்புறம் அந்தத் தலையை யார் பின்னியிருப்பார்கள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் கேட்டேனா? கைகாரிக்குக் கை வந்துவிடும் என்று... இவள்தான் பின்னியிருக்கிறாள். இவள்தான் அந்த நரைமுடியைப் பின்னிக் கொண்டை போட்டு விட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குத் தன் சடையைத் தோளுக்கு முன்னால் போட்டுத் தானே பின்னிக்கொண்டு போயிருக்கிறாள். நான்தான் அம்மா பின்னி அனுப்புகிறாள் என்று நினைத்து, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அடுப்படியில் "அம்மாச்சி சொல்லிக் குடுத்தாங்க" என்று சொல்ல வந்திருக்கிறாள். நான் மாவுக் கையால் பொத்தினேன்.

வேண்டாம் அக்கா, தண்ணீர் வேண்டாம். இந்தப் பாட்டிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அழுதால் தலை ஆடும்.

சஹானா. தங்கம். அம்மாச்சியா சொல்லிக் குடுத்தாங்க?

...

கேட்டீர்களா? நீங்களும் கேட்டீர்கள்தானே? "ஆடாதம்மா, கோணலாப் போகும்." அப்படியேதான் சொன்னாள். அந்த மாதிரியேதான் சொல்வாள் எங்கம்மா. எத்தனை நாள் கழித்து வாயைத் திறக்கிறாள் இவள்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, இங்கே பாருங்கள் கையை. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. அந்தப் பார்லர் தரையில் கிடந்த முடியை யாராவது பெருக்கித் தள்ளியிருப்பார்களே.

உசிலம்பட்டி வந்துவிட்டதா? அதற்குள்ளா?

இருங்கள், இறங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். தேனிப் பக்கம் திரும்பிப் போகிற பஸ் இங்கே எந்தப் பக்கம் நிற்கும்? எதிர்ப் பக்கமா? இல்லை, உங்களோடு இப்போது இறங்க முடியாது. பாதிதான் பின்னியிருக்கிறாள். எழுந்தால் கலைந்துவிடும். முடிக்கட்டும், அந்த ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டட்டும். செக்கானூரணியில் இறங்கித் திரும்பிவிடுகிறோம். முதலில் சின்னம்மாவுக்குப் போன் போட வேண்டும். சிட்டுவை அவளிடம்தான் விட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அந்தக் கோழி மேல் கை வைக்காமல் இருக்க மாட்டாள் அவள்.

பார்த்துப் போங்கள் அக்கா. படியில் கம்பியைப் பிடித்து இறங்குங்கள். திரும்பிப் பார்த்து உங்களை வழியனுப்பவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள்.

நான் ஆடக் கூடாது.